தில்லி: நாட்டுக்கே சொந்தமான ஊரில் குடியிருப்பவர்கள்

தில்லியில் முதல்வர் என்று ஒருவர் இருக்கிறார். 70 தொகுதிகள் கொண்ட சட்டமன்றம் இருக்கிறது, அமைச்சர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஊரில் கலவரம் வெடித்தால் அந்த முதல்வரால் ஒரு காவலரைக்கூட அனுப்ப முடியாது. தில்லி போலீஸ் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. பள்ளிக்கூடம் கட்ட இடம் வேண்டுமா? நிலம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. தில்லி வளர்ச்சி ஆணையமும் மத்திய அரசுடையதுதான். மற்ற மாநிலங்களில் முதல்வரை ஆளுநர் நியமிப்பார். இங்கே குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். எந்த அதிகாரியை எந்த நாற்காலியில் உட்காரவைப்பது என்பதற்கே மாநில அரசும் மத்திய அரசும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 மே 11 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு மாநில அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. எட்டே நாளில் மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்டில் அது நாடாளுமன்றத்தில் சட்டமாகிவிட்டது.

இதைக் கட்சிச் சண்டையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். தில்லி நாட்டுக்கெல்லாம் பொதுவான ஊர். அதனாலேயே அங்கே குடியிருப்பவர்களுக்கு அது ஒருநாளும் முழுச் சொந்தமாக இருந்ததில்லை. சுல்தான்கள் காலத்திலும், முகலாயர் காலத்திலும், வெள்ளைக்காரர் காலத்திலும் இதுதான் நிலைமை. குடியரசு வந்த பிறகும் பெரிதாக மாறவில்லை.

முதலில், ஏன் எல்லோரும் இங்கேயே வந்து உட்கார்ந்தார்கள் என்று பார்க்கலாம். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். வடக்கே இமயமலை, தென்மேற்கே தார் பாலைவனம். மேற்கிலிருந்து பஞ்சாப் வழியாகக் கங்கைச் சமவெளிக்குப் போகிற படை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் புகுந்து போக வேண்டும். அந்த வழியின் வாயிலில் தில்லி இருக்கிறது. ஆரவல்லி மலைத்தொடரின் வடக்கு முனை இங்கேதான் வந்து முடிகிறது. தில்லிக்காரர்கள் ரிட்ஜ் என்று சொல்லும் குன்று வரிசை அதுதான். ஒரு பக்கம் ரிட்ஜ், மறுபக்கம் யமுனை. கல்லுக்குக் கல், தண்ணீருக்குத் தண்ணீர், காவலுக்கு மேடு. 1526, 1556, 1761 ஆகிய மூன்று ஆண்டுகளில் மூன்று பெரிய போர்கள் நடந்த பானிபட், தில்லிக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கிறது. வட இந்தியாவை ஆள நினைத்தவர்களுக்குத் தில்லியைக் கையில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இருந்தது.

ஆனால் வந்தவர்கள் முந்தியவர் கட்டியதில் குடிபோவது அபூர்வம். பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டினார்கள். 11ஆம் நூற்றாண்டில் தோமர்களின் லால்கோட், அப்புறம் அலாவுதீன் கில்ஜியின் சிரி, கியாசுதீன் துக்ளக்கின் துக்ளகாபாத், பிரோஸ் ஷாவின் பிரோசாபாத், ஹுமாயூனும் ஷேர் ஷாவும் மாறி மாறிக் கட்டிய பழைய கோட்டை, ஷாஜஹானின் ஷாஜஹானாபாத். ஏழு தில்லி என்று சொல்வது வழக்கம். எண்ணிப் பார்த்தால் அதற்கு மேலேயே வரும். துக்ளகாபாத்தின் சுவர்களை இன்று பார்த்தாலும் அதன் பிரம்மாண்டம் திகைக்க வைக்கும். 1320களில் சில ஆண்டுகளில் கட்டி முடித்தார்கள். கட்டியவர் 1325இல் இறந்ததும் கைவிட்டார்கள். பிரோசாபாத் பாழானபோது அதன் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் ஷாஜஹானாபாத்தில் வைத்தார்கள்.

ராஜா இடம் மாறினால் குடிகள் கதி என்ன ஆகும் என்பதற்கு முகமது பின் துக்ளக்கின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1327 வாக்கில் தலைநகரைத் தக்காணத்து தௌலதாபாத்துக்கு மாற்றினார். பெரிய மனிதர்களும் அறிஞர்களும் சூஃபிகளும் குடும்பத்தோடு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் திட்டம் குலைந்து திரும்பி வந்தார்கள். தமிழில் துக்ளக் என்ற பெயரே கோமாளித்தனமான ஆட்சிக்கு அடையாளமாகிவிட்டது. உண்மையில் தெற்கே விரிந்துபோன ஒரு ராஜ்யத்தை நடுவிலிருந்து ஆள வேண்டும் என்ற அவருடைய யோசனையில் நியாயம் இருந்தது. போகச் சொல்லப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை என்பதுதான் கொடுமை.

1739இல் பாரசீகத்து நாதிர் ஷா வந்தபோது தில்லி பட்டது அதைவிட மோசம். ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்களை அவருடைய படை கொன்றது. மயிலாசனமும் கோகினூரும் போன கதைதான் பாடப்புத்தகங்களில் நிற்கிறது. சாந்தினி சௌக்கில் செத்தவர்களுக்கு அதில் ஒரு வரிதான்.

1857 தான் பழைய தில்லியின் முதுகெலும்பை உடைத்தது. மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள், வயதான பகதூர் ஷா ஜஃபரைத் தங்கள் பாதுஷா என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரைத் திரும்பப் பிடித்ததும் ஊரையே காலி செய்தார்கள். மதில் சுவருக்கு உள்ளே இருந்த கிட்டத்தட்ட அத்தனை பேரும் வெளியே துரத்தப்பட்டார்கள். இந்துக்களைச் சில மாதங்களில் திரும்ப அனுமதித்தார்கள். முஸ்லிம்கள் இன்னும் நெடுநாள் காத்திருந்தார்கள். செங்கோட்டைக்குள் இருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டு ராணுவக் குடியிருப்புகள் கட்டினார்கள். இன்று அங்கே போகிறவர்கள் பார்க்கிற அழகான மண்டபங்கள், இருந்ததில் கொஞ்சம் மிச்சம். கோட்டைக்கும் ஜாமா மசூதிக்கும் நடுவே இருந்த நெருக்கமான தெருக்களும் தரைமட்டமாயின. கவிஞர் காலிப் அப்போது பல்லிமாரானில் இருந்தார். பாட்டியாலா மகாராஜாவின் காவலர்கள் அந்தத் தெருவுக்குக் காவல் நின்றதால் தப்பினார். தெரிந்தவர்கள் எல்லாம் செத்துப்போய், ஓடிப்போய், வெறுமையான ஊரைப் பற்றி அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களைவிட ஒரு தலைநகரின் சாவுக்கு நல்ல சாட்சி இருக்க முடியாது.

ஜஃபரை ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். 1862இல் அங்கேயே இறந்தார். தில்லி பஞ்சாப் மாகாணத்தில் ஒரு மாவட்டத் தலைமையிடமாகச் சுருங்கிப்போனது. அரை நூற்றாண்டுக்கு மேல் அது தலைநகரம் இல்லை. அந்தக் காலத்திலும் ஊர் நடந்துகொண்டுதான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ரயில் வந்தது, மண்டி வளர்ந்தது, துணி வியாபாரிகள் பெருகினார்கள்.

1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறுகிறது என்று அறிவித்தார். அதுவரை அது ரகசியம். வங்கப் பிரிவினையை ரத்து செய்வதாகவும் அதே மேடையில் சொன்னார். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். கொந்தளிக்கிற கல்கத்தாவை விட்டு விலக வேண்டும். முகலாயர்களின் இடத்தில் உட்கார்ந்தால் அவர்களுடைய வாரிசு என்ற தோற்றமும் கிடைக்கும். மூன்று நாள் கழித்து அடிக்கல் நட்டார்கள். அப்புறம் அந்த இடம் சரியில்லை என்று முடிவாகி, கற்களைப் பெயர்த்துத் தெற்கே ரைசினா குன்றுக்குக் கொண்டுபோனார்கள்.

ரைசினா காலியான குன்று இல்லை. ரைசினா, மால்சா போன்ற கிராமங்கள் அங்கே இருந்தன. நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கீழ் அந்த மக்களை அப்புறப்படுத்தினார்கள். குடியரசுத் தலைவர் மாளிகையின் 340 அறைகளைப் பற்றி வாயைப் பிளந்து எழுதுகிறவர்கள் அடித்தளத்தில் கிடக்கும் உழவு நிலத்தைச் சொல்வதில்லை. மால்சா என்ற பெயர் இன்று தூதரகங்கள் இருக்கிற ஒரு சாலைக்கு மிச்சமாக நிற்கிறது.

புது தில்லியைக் கட்டியவர்கள் எட்வின் லுட்யென்ஸும் ஹெர்பர்ட் பேக்கரும். வைஸ்ராய் மாளிகை லுட்யென்ஸுடையது. வடக்கு, தெற்குத் தலைமைச் செயலகக் கட்டடங்கள் பேக்கருடையவை. சாலையின் சரிவைப் பற்றி இருவரும் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். கீழிருந்து வரும்போது மாளிகையின் குவிமாடம் கண்ணிலிருந்து மறையக் கூடாது என்று லுட்யென்ஸ் விரும்பினார். பேக்கரின் கட்டடங்கள் குன்றின் மேல் ஏறிவிட்டதால், சாலையில் மேலே போகப் போகக் குவிமாடம் கீழே இறங்குவதுபோல் மறைகிறது. லுட்யென்ஸ் தோற்றார். இன்றும் அங்கே நடந்து போனால் அதைப் பார்க்கலாம்.

எனக்கு அந்தக் கட்டடங்களைவிட முக்கியமாகப் படுவது வீடுகளை ஒதுக்கிய முறை. யார் எந்தப் பதவியோ, அதற்கேற்ற தூரத்தில், அதற்கேற்ற அளவில் வீடு. மேலதிகாரிகளுக்குப் பரந்த தோட்டத்தோடு பங்களா. குமாஸ்தாக்களுக்குக் கோல் மார்க்கெட் பக்கம் சதுரம் சதுரமான குடியிருப்பு. சம்பளப் பட்டியலையே தரையில் வரைந்ததுபோல ஒரு நகரம். பழைய தில்லிக்காரர்களுக்கு அதில் இடமே யோசிக்கப்படவில்லை. 1931 பிப்ரவரியில் திறப்பு விழா நடந்தது. கட்டியவர்கள் அதில் இருந்து ஆண்டது 16 வருடங்கள்தான்.

அந்தக் குமாஸ்தா குடியிருப்புகளுக்குத் தமிழர்களும் வந்தார்கள். அன்று அரசாங்கம் கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்கும் மாறிக்கொண்டிருந்தது. ஊழியர் குடும்பங்களும் கூடவே போய் வந்தன. பிள்ளைகளின் படிப்புக்காக அவர்கள் ஆரம்பித்த முயற்சிதான் இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளாக நிற்கிறது. 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கம். கரோல்பாக்கும், மலை மந்திர் இருக்கும் ராமகிருஷ்ணபுரமும் தமிழர் வட்டாரங்களாயின. அரசாங்க வேலைக்காக வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட குடும்பங்கள் ஏராளம்.

1947 தான் இன்றைய தில்லியை உண்டாக்கியது. 1941 கணக்கெடுப்பில் தில்லியின் மக்கள்தொகை சுமார் 9.2 லட்சம், 1951இல் 17.4 லட்சம். பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புறத்திலிருந்தும் சிந்துவிலிருந்தும் வந்து சேர்ந்த அகதிகள் சுமார் 5 லட்சம். அதே மாதங்களில் தலைமுறை தலைமுறையாகத் தில்லியில் இருந்த முஸ்லிம்களில் சுமார் 3 லட்சம் பேர் வெளியேறினார்கள். ஹுமாயூன் கல்லறையும் பழைய கோட்டையும் பாகிஸ்தானுக்கு ரயில் ஏறக் காத்திருந்தவர்களின் முகாம்களாக மாறின. வடக்கே கிங்ஸ்வே முகாமில் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள். ஒரே நகரத்தின் இரண்டு முனைகளில், ஒரே கோடுபோட்ட கையால் வீடிழந்தவர்கள்.

லாஜ்பத் நகர், ராஜேந்தர் நகர், படேல் நகர் எல்லாம் அகதிகளுக்காகப் போடப்பட்ட குடியிருப்புகள். இன்று நாட்டிலேயே வாடகை மிக அதிகமான கடைத்தெருக்களில் ஒன்றான கான் மார்க்கெட்டும் அகதிகளுக்குக் கடை ஒதுக்கிய இடம்தான். லாகூரிலும் ராவல்பிண்டியிலும் சொத்தோடு வாழ்ந்தவர்கள் நடைபாதையில் துணி விற்று மறுபடி எழுந்தார்கள். தில்லிக்காரர்கள் முரட்டுத்தனமாகப் பேசுவார்கள், பகட்டு அதிகம், யாரைத் தெரியும் என்பதே முதல் கேள்வி என்று தெற்கேயிருந்து போகிறவர்கள் குறை சொல்வதுண்டு. எல்லாவற்றையும் ஒரே இரவில் இழந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெரும்பங்காக இருக்கிற ஊர் அது. அனுமதிச் சீட்டு, ஒதுக்கீடு, பரிந்துரைக் கடிதம் என்று அரசாங்கக் கதவைத் தட்டித்தான் அவர்கள் பிழைத்தார்கள். அந்தப் பழக்கத்தைக் குணக்கேடாகப் பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இப்படிப்பட்ட ஊரை யார் ஆள்வது என்ற கேள்வி அரசியல் சாசன சபையில் எழுந்தது. தில்லிக்குப் பொறுப்புள்ள சட்டமன்றம் வேண்டும் என்று பட்டாபி சீதாராமய்யா தலைமையிலான குழு பரிந்துரைத்தது. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு ஒப்புக்கொள்ளவில்லை. நாட்டின் தலைநகரை உள்ளூர் நிர்வாகத்தின் கீழ் விட முடியாது என்று சொல்லி, அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் முன்னுதாரணமாகக் காட்டியது. இதே அம்பேத்கர் 1955இல் மொழிவாரி மாநிலங்களைப் பற்றி எழுதியபோது, தென்னிந்தியர்களுக்குத் தில்லி எட்டாத தூரத்தில் இருக்கிறது, ஹைதராபாத் இரண்டாவது தலைநகரமாக வேண்டும் என்றும் வாதிட்டார். தலைநகரம் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற கவலை இரண்டு நிலைப்பாட்டிலும் இருக்கிறது.

அந்த முன்னுதாரணம் பொருந்துமா என்பதுதான் கேள்வி. வாஷிங்டனும் கான்பெராவும் தலைநகரத்துக்காகவே நிலத்தில் புதிதாகக் கோடு போட்டு எழுப்பிய ஊர்கள். அரசாங்கம் முதலில் வந்தது, குடிகள் அப்புறம் வந்தார்கள். அப்படியும் வாஷிங்டன் மக்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாக்களிக்கும் பிரதிநிதி இல்லை என்ற மனக்குறை இன்னும் தீரவில்லை. தில்லியில் குடிகள் முன்பே இருந்தார்கள். பாரிஸ், லண்டன் போன்ற பழைய ஊர்களோடுதான் அதை ஒப்பிட வேண்டும். அங்கேயும் நாட்டின் அரசுக்குத் தலைநகரின் மேல் பயம் இருந்தது: 1871 எழுச்சிக்குப் பிறகு 1977 வரை பாரிஸுக்கு மேயரே கிடையாது. லண்டன் பெருநகர மன்றத்தை 1986இல் கலைத்தார்கள். 2000இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் வந்தார். பெர்லின் இன்று தனி மாநிலமாகவே இருக்கிறது. அரசாங்கங்கள் எதுவும் அங்கே கவிழ்ந்துவிடவில்லை.

தில்லிக்கு 1952இல் ஒரு சட்டமன்றம் கிடைத்தது. சௌத்ரி பிரம் பிரகாஷ் முதல் முதல்வரானார். 1956இல் அதைக் கலைத்து யூனியன் பிரதேசமாக்கினார்கள். அப்புறம் 37 ஆண்டுகள் சட்டமன்றமே இல்லை. 1991இல் அரசியல் சாசனத்தின் 69ஆவது திருத்தம் 239ஏஏ என்ற பிரிவைச் சேர்த்து, பொது ஒழுங்கு, போலீஸ், நிலம் மூன்றையும் மத்திய அரசுக்கு ஒதுக்கிவிட்டு மற்றதைத் தில்லிச் சட்டமன்றத்துக்குக் கொடுத்தது. 1993இல் தேர்தல்.

இடையில் நடந்தவை, கேட்க ஆளில்லாத ஊரில் என்னவெல்லாம் நடக்கும் என்பதைக் காட்டுகின்றன. நெருக்கடி நிலைக் காலத்தில் சுமார் 7 லட்சம் பேரின் குடிசைகளை இடித்து, ஊருக்கு வெளியே மறுகுடியமர்வுக் காலனிகளில் கொண்டுபோய் விட்டார்கள். 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட்டில் எதிர்த்தவர்கள் மேல் போலீஸ் சுட்டது. 1984 நவம்பரில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்றபோது மிக அதிகமாகச் செத்தது திரிலோக்புரி, மங்கோல்புரி, சுல்தான்புரி போன்ற அதே காலனிகளில். அரசு கணக்குப்படி தில்லியில் மட்டும் 2,733 பேர். போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. பதில் கேட்க அந்த மக்களுக்கென்று ஒரு சட்டமன்றம்கூட அப்போது இல்லை.

நிலத்தின் கதையும் இப்படித்தான். 1957இல் தில்லி வளர்ச்சி ஆணையம் வந்தது. நிலத்தை மொத்தமாக எடுத்து வீடு கட்டித் தருவது அதன் பொறுப்பு. வந்து குவிந்த ஜனங்களுக்கு அது கட்டிய வீடுகள் போதவே இல்லை. ஜனங்கள் விவசாய நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கித் தாங்களே கட்டிக்கொண்டார்கள். 2019இல் மத்திய அரசு உரிமை கொடுக்க முன்வந்த அங்கீகாரமில்லாத காலனிகள் 1,731. அங்கே இருப்பவர்கள் சுமார் 40 லட்சம் என்று அரசே சொன்னது. அதாவது தலைநகரில் ஒரு கணிசமான பங்கு சட்டப்புத்தகத்துக்கு வெளியில் நிற்கிறது.

2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலோரம் இருந்த மதராசி கேம்ப்பை இடித்தார்கள். பல பத்தாண்டுகளாக அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள். சுமார் 370 வீடுகள். பெரும்பாலும் வீட்டுவேலையும் கூலிவேலையும் செய்தவர்கள். வெள்ள நீர் போக வழிவிட வேண்டும் என்பது உயர் நீதிமன்ற உத்தரவு. தகுதி உண்டென்று கண்டவர்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. நரேலா நகரின் வடக்கு விளிம்பு. ஜங்புராவில் பாத்திரம் தேய்க்கிற ஒரு அம்மா அங்கிருந்து காலை வேலைக்கு வந்து போக முடியாது. வாய்க்காலைத் தூர்வார வேண்டியது சரிதான். ஆனால் அதே ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு அதே ஊரில் இடம் தேடாதது சரியில்லை. மால்சாவில் நடந்ததற்கும் இதற்கும் 100 வருட இடைவெளிதான் வித்தியாசம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, தலைநகரம் என்பதால் தில்லிக்கு இருக்கிற இன்னொரு பக்கத்தைச் சொல்லாவிட்டால் அநியாயம். நாட்டில் எந்த மூலையில் இருப்பவர்களும் தங்கள் குறையைக் கொண்டுவந்து வைக்கிற திண்ணையாக அது இருக்கிறது. 1988இல் மகேந்திர சிங் திகாயத் தலைமையில் லட்சக்கணக்கான விவசாயிகள் போட் கிளப் புல்வெளியில் வந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் அங்கே கூட்டம் கூடாது என்று தடுத்து, போராட்டக்காரர்களை ஜந்தர் மந்தர் பக்கம் தள்ளினார்கள். 2017இல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் மண்டையோடுகளோடு 41 நாள் உட்கார்ந்தது அந்த ஜந்தர் மந்தரில்தான். வறட்சியில் கருகிய பயிருக்கு நிவாரணம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்திருந்தால் வட இந்தியத் தொலைக்காட்சிகள் திரும்பிப் பார்த்திருக்காது. 2020 நவம்பரில் பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேச விவசாயிகளைப் பெருவாரியாக உள்ளேயே விடவில்லை. சிங்கு, திக்ரி, காஜிபூர் எல்லைகளில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கினார்கள். அவர்கள் எதிர்த்த மூன்று வேளாண் சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன. எல்லோருக்கும் சொந்தமான ஊர் என்ற சொல்லுக்கு உயிர் கொடுப்பவர்கள் இவர்கள்தான்.

ஆட்சியாளர்கள் அதே சொல்லை எடுத்துக்கொண்டு புதிதாகக் கட்டும் பழக்கத்தையும் விடவில்லை. 2022இல் ராஜபாதை கர்தவ்ய பாதை ஆனது. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றம் திறந்து, 1947இல் திருவாவடுதுறை ஆதீனம் நேருவிடம் கொடுத்த செங்கோலை அதில் நிறுவினார்கள். பழைய கட்டடத்துக்கு அடுத்த வாசலில் புதியது.

நாட்டின் அரசு பாதுகாப்பாக இயங்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால் பதில் சிக்கலானதில்லை. நாடாளுமன்றம், அமைச்சகங்கள், தூதரகங்கள், குடியரசுத் தலைவர் மாளிகை எல்லாம் கிட்டத்தட்ட முழுக்கப் புது தில்லி நகராட்சி மன்ற எல்லையிலும் அதை ஒட்டியுமே இருக்கின்றன. அதன் பரப்பு சுமார் 43 சதுர கிலோமீட்டர். தில்லியின் மொத்தப் பரப்பு 1,483. அந்த 43ஐ மத்திய அரசு வைத்துக்கொள்ளட்டும். நரேலாவின் பேருந்துக்கும், திரிலோக்புரியின் காவல் நிலையத்துக்கும், பவானாவில் கட்ட வேண்டிய வீட்டுக்கும் அங்கே வோட்டுப் போடுகிறவர்கள் தேர்ந்தெடுத்த அரசு பொறுப்பேற்கட்டும். 2003இல் தில்லிக்கு மாநில அந்தஸ்து தரும் மசோதாவை வாஜ்பாய் அரசே கொண்டுவந்தது; அடுத்த ஆண்டு மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. அதற்கு முன்னும் பின்னும் எல்லாப் பெரிய கட்சிகளும் எதிர்க்கட்சியாக இருந்தபோது முழு மாநிலம் கேட்டிருக்கின்றன. மத்தியில் ஆட்சிக்கு வந்த பிறகு எந்தக் கட்சியும் அதை நிறைவேற்றிக் காட்டவில்லை. 2011 கணக்கெடுப்பிலேயே 1.68 கோடிப் பேர் வாழ்ந்த ஊர் அது.